சங்கிலிப்பாறைக்கு மேல மழை: சதுரகிரி மார்கழி நடை

வெள்ளி ராத்திரி, வத்திராயிருப்பு

மதியம் சாப்டுட்டு மதுரைய விட்டு கிளம்பி திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில்னு வந்து வலது பக்கம் திரும்பி வத்திராயிருப்பு வந்து சேர்ந்தாச்சு. வழியெல்லாம் வானம் மூடியே கெடந்துச்சு ஆனா ஒரு சொட்டு விழல. கல்லுப்பட்டி தாண்டுனா மேக்க மலை நல்லா தெரியும், இன்னைக்கு பாதிக்கு மேல மேகந்தான். வந்திருக்கிறது மாமா (அம்மாவோட தம்பி, அறுவது தாண்டியாச்சு, சின்னப் பையனா இருந்தப்பவே ஆடி அமாவாசைக்கு ஏற ஆரம்பிச்சவர்), என் தம்பி, அக்கா மக, நான். நாளைக்கு மார்கழி பௌர்ணமிக்கு சதுரகிரி.

புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். சதுரகிரி மலை மேல சுந்தரமகாலிங்கம் கோயில் இருக்கிற இடம் கணக்குப்படி நம்ம மதுரை மாவட்டம் சாப்டூர் காடு, ஆனா எல்லாரும் ஏறுற அடிவாரம் தாணிப்பாறை விருதுநகர் மாவட்டம். 2021ல இந்த காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ள வந்துருச்சு. கேட்டு திறக்கிறதும் மூடுறதும் வனத்துறை கையில, மழைன்னா மூடிருவாங்க, அதுல கோபப்பட ஒண்ணுமே இல்ல.

டிசம்பர்னாலே குளுகுளுன்னு மலை ஏற நல்ல சீசன்னு நிறைய பேர் நெனச்சுட்டு வர்றாங்க, நம்ம பக்கத்து மலைக்கு அது பொருந்தாது. வடகிழக்கு பருவமழை அப்ப முடிஞ்சிருக்காது, கிழக்கு பாத்த சரிவு இது, வங்காள விரிகுடாவுல இருந்து வர்ற ஈரக்காத்து நேரா வந்து இதுலதான் மோதும். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா, தூத்துக்குடி திருநெல்வேலி பக்கம் கொட்டுச்சே. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். அன்னைக்கு புயல்னு ஒண்ணு கிடையாது, குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்கு சுழற்சி, அவ்ளோதான். அதனால மார்கழியில "புயல் எதுவும் இல்லையே" அப்படின்னு தைரியமா கிளம்பறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

நாளைக்கு விருதுநகர் மாவட்டத்துக்கு லேசான மழைன்னுதான் சொல்லிருக்காங்க. பக்கத்து தேனிக்கு மட்டும் ஓரிரு இடங்களில் கனமழை. கனமழைன்னா வானிலை ஆளுங்க கணக்குல ஏறக்குறைய 7 சென்டிமீட்டர்ல இருந்து 11 வரைக்கும். மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது, மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் தேனிதான, அதனால ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் லாட்ஜ் ரூம்லயே உக்காந்து எப்ப திரும்பறதுங்கறத பேசி முடிச்சுட்டோம். ஓடைத் தண்ணி கலங்குனா திரும்பறது, யாருக்காவது நடுக்கம் எடுத்தா திரும்பறது, எங்க நின்னாலும் சரி 10 மணிக்கு மழை வலுத்திருந்தா திரும்பறது, யாராவது ஒரு ஆளு வேணாம்னு சொன்னா ஏன்னு கேக்காம எல்லாரும் திரும்பறது.

மாமாவுக்கு இது சுத்தமா புடிக்கல. "ஏத்தா, சாமிய பாக்க போறப்ப மணி பாத்துக்கிட்டா போவாக" அப்படின்னாரு.

அக்கா மக போன வருஷம் டிசம்பர்ல உத்தரகாண்ட்ல கேதார்காந்தா ஏறப் போனவ, 3,810 மீட்டர், முழுக்க பனி. அங்க உச்சிக்கு நடுராத்திரி தாண்டி ரெண்டு மூணு மணிக்கே கிளப்பிருவாங்களாம், மதியத்துக்கு மேல காத்து மோசமாகும்ங்கறதால வெயில் ஏறுறதுக்குள்ள மேல போய்ட்டு இறங்கிரணும். இவ போன அன்னைக்கு கடைசி சரிவுக்கு கீழ வெள்ளையா மூடி முன்னாடி போற ஆளோட கால் தடமே தெரியாம போயிருக்கு, கைடு நின்னு ஒரே வார்த்தை, திரும்புங்க. உச்சி கைக்கு எட்டுற தூரம்னு எல்லாரும் கெஞ்சிருக்காங்க. "தாத்தா, அந்த அண்ணன் எங்கள்ட்ட விளக்கம்கூட சொல்லல, ஏன்னா கீழயே சொல்லிட்டாரு" அப்படின்னு சொன்னா. மாமா "அது பனி, இது நம்ம மலை"ன்னுட்டு திரும்பிப் படுத்துட்டாரு.

சனிக்கிழமை மதியம், தாணிப்பாறை

கீழ வந்துட்டோம், எல்லாரும் நல்லாருக்கோம், சாமி பாக்கல. டீக்கடை தகர கூரைக்கு கீழ உக்காந்து இத டைப் பண்றேன், மழை சத்தத்துல பக்கத்துல பேசறது கேக்கல.

காலையில 6 மணிக்கு கேட்டு திறந்தாங்க. பை சோதனை, பிளாஸ்டிக் கவர் எல்லாம் எடுத்துட்டாங்க. தூறல்கூட இல்ல, கூட்டம் நல்ல கூட்டம், வேட்டி துண்டோட பெரியவங்க, கைப்பிள்ளையோட ஒரு அம்மா, காலேஜ் பசங்க. கருப்பணசாமிய கும்பிட்டு மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை வரைக்கும் ஜம்முனு போச்சு. ஓடைகள்ல தெளிஞ்ச தண்ணி, கணுக்கால் அளவு. கார்த்திகை முழுக்க பேஞ்ச மழையில மண்ணு ஏற்கனவே ஊறிக் கெடக்கு, பாதை ஓரம் மிதிச்சா கால் உள்ள போகுது. இத முக்கியமா சொல்றேன், ஏன்னா ஊறுன மண்ணு அதுக்கு மேல குடிக்காது, மேல விழுற மழை அப்படியே பாறையில வழிஞ்சு ஓடைக்கு வந்துரும், அதுவும் இந்த செங்குத்துல ரொம்ப நேரம் எடுக்காது.

8 மணி சுமாருக்கு சங்கிலிப்பாறை ஓடை. இங்க அக்கா மக ஒரு வேலை பண்ணா. தாண்டுற இடத்துல ஒரு கருப்புப் பாறை, அதுல குறுக்கால வெள்ளையா ஒரு கோடு ஓடும், கல்லுலயே இருக்கிற வெள்ளைக்கல் வரி. தண்ணி அந்த கோட்டுக்கு ஒரு சாண் கீழ இருந்துச்சு. தம்பிய விட்டு பாறையும் தண்ணியும் தெரியற மாதிரி போட்டோ எடுக்க சொன்னா, ஒரு காஞ்ச குச்சிய தண்ணி ஓரத்துல ரெண்டு கல்லுக்கு நடுவுல சொருகுனா. பின்னாடி வந்த ஒருத்தர் என்ன பரிகாரமான்னு கேட்டுட்டு போனாரு.

அதுக்கு மேல ஏற ஏற மேகத்துக்குள்ள போயிட்டோம். கோரக்கர் குகை பக்கம் வர்றப்ப முன்னாடி போறவங்க முதுகு மட்டுந்தான் தெரியுது, தூறல் ஆரம்பிச்சு அப்படியே சாரலாகி காத்தும் சேந்துக்கிச்சு. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 6 டிகிரி குறையும், அது காத்து இல்லாத கணக்கு, நனைஞ்ச துணியும் காத்தும் சேந்தா உடம்பு சூட்ட உருவி எடுத்துரும். பனி மலையிலதான் குளுருல விறைச்சு சாவாங்கன்னு இல்ல, 10 டிகிரியில நனைஞ்சு காத்துல நின்னா போதும். பருத்தி வேட்டி சட்டை அதுக்கு ரொம்ப மோசம், தண்ணிய குடிச்சுட்டு காயவே காயாது.

மாமா வேட்டிய மடிச்சுக் கட்டி துண்டு போத்திருந்தாரு, ரெயின் கோட்டு குடுத்தா வேணாம்னுட்டாரு. ஒரு பாறை ஒதுக்குல நின்னு பிஸ்கட் பாக்கெட்ட எடுத்து அவர்கிட்ட நீட்டுனேன். வாங்கி பிரிக்கப் பாக்குறாரு, விரல் வளைய மாட்டேங்குது. அந்த சிவப்பு நூல புடிச்சு இழுத்தா கிழியும்ல, அத ரெண்டு விரலால புடிக்க முடியாம நழுவ விடறாரு, மறுபடி தேடறாரு, மறுபடி நழுவுது. நகத்துக்கு கீழ நீலம். குளுருதா மாமான்னா "இல்லத்தா"ங்கறாரு, பல்லு கிட்டுது. நடுக்கம் இருக்கிற வரைக்கும் உடம்பு சண்டை போட்டுட்டு இருக்குன்னு அர்த்தம். கை பிசகறது, கால் இடறது, பேச்சு குழறதுன்னு வரிசையா வந்து அப்புறம் நடுக்கமே நின்னு போனா, குணமாயிருச்சுன்னு நம்பி ஏமாந்துரக் கூடாது, அதுதான் பெரிய ஆபத்து.

அந்த நேரம் பாத்து மேல இருந்து சுமை தூக்கற பளியர் (இந்த மலையோட பழங்குடி ஆளுங்க) ஒருத்தர் வெறுங்கையோட வேகமா இறங்கி வந்தாரு. நிக்காமலேயே சொன்னாரு, மேல நல்லா இறங்கிருச்சு தாயி, ஓடைக்கு அங்கிட்டு போயிருங்க. இறங்கிருச்சுன்னு அவர் சொன்னது மழைய.

நான் திரும்பலாம்னு சொன்னேன், மணி அப்ப 9.20. தம்பி ஒண்ணும் கேக்கல, பேசி வச்சிருந்ததால. மாமா மட்டும் "இன்னும் பாதி தூரம்கூட இல்ல, மேல போனா கோயில்ல சாப்பாடு, நெருப்பு எல்லாம் இருக்கு, கீழ இறங்கறதுக்கு மேல ஏறிரலாம்"னாரு. அவர் சொன்னதுலயும் அர்த்தம் இருக்குதான், அதனால நிஜமாவே ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆனா மேல போற வழியில பிலாவடி கருப்பசாமி கோயில் ஓடை இருக்கு. அதுக்கும் சங்கிலிப்பாறைக்கும் நடுவுல மாட்டுனா மேலயும் போக முடியாது கீழயும் போக முடியாது, விறைச்ச கையோட ஒரு பெரியவரை வச்சுக்கிட்டு காட்டுல ராத்திரி. மலை ஏறுறவங்க எல்லாரும் முன்னாடி இருக்கிற ஓடையத்தான் பாக்குறாங்க. நான் பயந்தது பின்னாடி விட்டுட்டு வந்த ஓடைக்கு. நாம தாண்டிட்டோம்ங்கறதால அது மனசுல இருந்து போயிருது, ஆனா வீட்டுக்கு வழி அதுதான், அதோட தண்ணிதான் நமக்குத் தெரியாமலே ஏறிட்டு இருக்கு.

மாமா ஈர வேட்டிக்கு மேல தம்பியோட ஜெர்கினை மாட்டி, தலைக்கு என் குல்லாய போட்டு இறக்குனோம். வழியில ஏறிட்டு இருந்தவங்க அத்தன பேர்ட்டயும் சொன்னேன். கைப்பிள்ளையோட வந்த அந்த அம்மா கேட்டு எங்களோட திரும்பிட்டாங்க. காலேஜ் பசங்க "சாமி பாத்துக்குவாருக்கா"ன்னுட்டு போயிட்டாங்க. வேட்டி கட்டின பெரியவங்க சிலரும் போனாங்க.

சங்கிலிப்பாறை வந்தப்ப குச்சிய காணோம். வெள்ளைக் கோட்டையும் காணோம், அதுக்கு மேல தண்ணி போகுது. நிறம் டீ மாதிரி ஆயிருச்சு, சருகு, பச்சை இலை, சின்ன கொப்பு எல்லாம் அடிச்சுட்டு வருது. பச்சை இலையோட கொப்பு வந்தா மேல எங்கயோ கரை அறுபடுதுன்னு அர்த்தம். உள்ளுக்குள்ள கல்லு உருளற சத்தம் கேட்டுச்சுன்னா கால வைக்கவே கூடாது, உக்காந்துரணும். நாங்க நின்னு கவனிச்சோம், அந்த சத்தம் இன்னும் வரல. முழங்காலுக்கு கீழதான் இருந்துச்சு. வனத்துறை ஆளுங்க ரெண்டு பேர் அப்பதான் மரத்துல கயிறு கட்டிட்டு இருந்தாங்க. தோள் பை வாரை கழட்டி ஒத்தத் தோள்ல போட்டுக்கிட்டு (விழுந்தா பைய விட்டுரலாம், மாட்டியிருந்தா அது நம்மள இழுக்கும்), தண்ணி வர்ற பக்கமா மூஞ்சிய வச்சு, ஒரு கால் நல்லா ஊனுன அப்புறம் அடுத்த கால், கல்லுக்கு கல்லு தாவாம, மாமாவ நடுவுல விட்டு தாண்டுனோம். தண்ணி வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும். கணுக்கால் தண்ணியில நடந்த அதே இடத்துல தம்பி தொடை நடுங்கறத பாத்தேன், தெனம் ஜிம் போற பையன். பிள்ளைய வனத்துறை அண்ணன் ஒருத்தர் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வந்தாரு, அவருக்கு கோடி புண்ணியம்.

அரைமணி நேரத்துல அந்த இடத்த மூடிட்டாங்க. இப்ப மழை சத்தத்தையும் தாண்டி இங்க வரைக்கும் கேக்குது அந்த சத்தம், கல்லு உருட்டு சத்தம்.

சனி ராத்திரி, வத்திராயிருப்பு

மாமா சூடா குளிச்சு ரெண்டு போர்வைக்குள்ள இருக்காரு. சுக்கு காப்பி குடிச்சாரு, இட்லி சாப்டாரு, விரல் நல்லா மடங்குது. எங்கிட்ட பேசல.

மேல போனவங்கள கோயில்லயே நிப்பாட்டிட்டாங்களாம், இறங்க விடல, ராத்திரி அங்கயே தங்கல், சாப்பாடு குடுக்கறாங்கன்னு அடிவாரத்துல சொன்னாங்க. நிம்மதியா இருந்துச்சு. 2015 மே மாசம் அமாவாசைக்கு ஏறுனவங்க இதே ஓடைகள்ல திடீர் வெள்ளத்துல மாட்டி பல பேர் உயிர் போச்சு, அது கோடை மழை, கீழ நின்னவங்களுக்கு வெள்ளம் வருதுன்னே தெரியல. அந்த வருஷத்துக்கு அப்புறம் இந்த மலையில யாராவது மேல மாட்டிக்கிட்டாங்கன்னு கேட்டாலே வயிறு கலங்கும்.

தூக்கம் வரல, அதனால ஒரு விஷயம் எழுதிடறேன். யோரான் க்ராப்னு ஒரு ஸ்வீடன்காரர். 1995 அக்டோபர்ல ஊர்ல இருந்து சைக்கிள்லயே கிளம்பி நேபாளம் வரைக்கும் வந்து, தன் சாமான எல்லாம் தானே சுமந்து எவரெஸ்ட் ஏறுனவர். 1996 மே 3ஆம் தேதி உச்சிக்கு இன்னும் 100 மீட்டர்தான் இருந்துச்சு, நேரம் ஆயிருச்சு, இதுக்கு மேல போனா இறங்கறதுக்குள்ள இருட்டிரும்னு திரும்பிட்டாரு. ஸ்வீடன்ல இருந்து சைக்கிள் மிதிச்சு வந்த மனுசன்! ஒரு வாரம் கழிச்சு மே 10, 11ல அதே மலையில புயல், 8 பேர் செத்துப் போனாங்க. தெற்குப் பக்கம் மதியம் 2 மணிக்கு திரும்பிரணும்னு பேச்சு இருந்தும் அதுக்கு அப்புறமும் ஏறிட்டு இருந்தவங்க இருந்தாங்க. அந்த 8 பேர்ல 3 பேர் நம்ம இந்தோ திபெத் எல்லைப் போலீஸ் வீரர்கள், வடக்கு பக்கமா ஏறுனவங்க. க்ராப் மே 23ல மறுபடி ஏறி ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே உச்சிய தொட்டுட்டாரு. அந்த மே 3 சாயங்காலம் அவர் கூடாரத்துல உக்காந்திருந்தப்ப என்ன நெனச்சிருப்பாருன்னு இன்னைக்கு யோசிச்சுட்டே இருக்கேன். அந்த நேரத்துல அவருக்கு புயல் வரப் போகுதுன்னு தெரியாது. தான் செஞ்சது சரின்னு காட்ட கையில ஒரு ஆதாரமும் இருந்திருக்காது.

ஞாயிறு மதியம், தாணிப்பாறை

காலையில வெயிலே அடிச்சுச்சு. அடிவாரத்துக்கே திரும்ப வந்தோம், மேல இருந்தவங்க இறங்கறத பாக்காம மதுரைக்கு போக மனசு வரல. ஓடைத் தண்ணி ஏறுன வேகத்துலயே இறங்கிருச்சு, தீயணைப்பு ஆளுங்களும் வனத்துறையும் கயிறு புடிச்சு கொஞ்சம் கொஞ்சமா இறக்குனாங்க. 11 மணி வாக்குல காலேஜ் பசங்க வந்தாங்க, திருநீறு பூசி சிரிச்சுக்கிட்டே. ராத்திரி தரிசனம், நிலா வெளிச்சம், நல்ல சாப்பாடுன்னு சொன்னாங்க. மாமா ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுட்டு எங்கிட்ட திரும்பி, நேத்துல இருந்து முதல் தடவையா வாயத் தொறந்து, "பாத்தியாத்தா, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நாமளும் போயிருக்கலாம்" அப்படின்னாரு.

எனக்கு அவர் மேல கோபம் வரல. மார்கழி பௌர்ணமிக்கு இந்த வயசுல ஆசையா வந்த மனுசன். ஆனா நான் ஒத்துக்கல, அத அவர்கிட்டயே சொன்னேன். அவங்க நல்லபடியா வந்தது எனக்கும் சந்தோஷம் மாமா, ஆனா பிலாவடி ஓடைய அவங்க தாண்டுனது எப்பன்னு கேளுங்கன்னேன். அந்த பசங்கள்ட்ட அவரே கேட்டாரு. 10 மணி வாக்குல தாண்டுனாங்களாம், தொடைக்கு மேல தண்ணி, கை கோத்துக்கிட்டு. ஒருத்தனுக்கு கால் வழுக்கி செருப்பு, போன் எல்லாம் போயிருச்சு, பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் சட்டைய புடிச்சு இழுத்திருக்காரு. அவங்களுக்கு பின்னாடி வந்தவங்க தாண்ட முடியாம இந்தப் பக்கமே பாறை ஒதுக்குல நின்னுருக்காங்க, சாயங்காலம் தண்ணி குறைஞ்சப்பதான் வனத்துறை போய் மேல கூட்டிட்டு போச்சு. எட்டு மணி நேரம் நனைஞ்ச துணியோட. நாங்க திரும்பின இடத்துல இருந்து மாமா நடக்கிற நடைக்கு கணக்கு போட்டா நாங்க அந்த பின்னாடி வந்த கூட்டத்துலதான் இருந்திருப்போம்.

மாமா கேட்டுக்கிட்டாரு, பதில் ஒண்ணும் சொல்லல. அவர் மனசு மாறிருச்சுன்னு நான் எழுத மாட்டேன், மாறல. அடிவாரத்துல இருந்தே மலைய பாத்து கும்பிட்டாரு, உண்டியலுக்குன்னு வச்சிருந்த காச கருப்பணசாமி கோயில்ல போட்டாரு.

தை அமாவாசைக்கு மறுபடி வர்றதா முடிவு, அதுக்குள்ள மழை ஓஞ்சுரும், ஓடை எல்லாம் அடங்கிரும். கேட்டு திறக்குதான்னு முந்துன நாளே வத்திராயிருப்புல விசாரிச்சுட்டு வாங்க. வயசானவங்கள கூட்டிட்டு வந்தா பருத்திக்கு பதிலா சீக்கிரம் காயற துணி ஒரு செட்டு, கம்பளி குல்லா ஒண்ணு பையில தனியா கட்டி வையுங்க. தம்பி வண்டிய எடுத்துட்டான், மாமா முன் சீட்டுல ஏறி உக்காந்து கல்லுப்பட்டியில எங்க நிறுத்தி சாப்பிடணும்னு இப்பவே வழி சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.